தட்டின் விலையைக் கூலியால் அளப்போம்

(செல்லூரில் தறித் தொழிலாளர்களும் கட்டிடத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு சாப்பாட்டுக் கணக்குப் பேசப் போகிறேன். மலேசியாவில் தெருவோரக் கடையில் ஒரு தட்டுச் சாப்பாடு என்ன விலை? அது நம் செல்லூர்க் கடையைவிட மலிவா, கிராக்கியா? தரம் எப்படி? இதுதான் கேள்வி.

"வைகைக் கரையில் உட்கார்ந்துகொண்டு மலேசியாக் கடையைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் மதுரைச் சீமையிலிருந்தும், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்தும் இளைஞர்கள் அந்த நாட்டுக்கு ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காகத் தாயின் தாலிச்சரடு அடகுக் கடைக்குப் போகிறது. "மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம், நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல்" என்று ஏஜெண்டு சொல்கிறார். அங்கே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்பதை அவர் சொல்வதில்லை. அதைக் கேட்காமல் விமானம் ஏறுகிறவன், ஆறு மாதம் கழித்து வட்டி கட்ட முடியாமல் தவிக்கிறான்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தட்டையும் நம் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இங்கே நம் கூலி எந்த நிலைமையில் இருக்கிறது என்பதும் தெரிந்துபோகும்.

அந்தக் கடைகள் யாருடைய கடைகள்?

மலேசியாவின் தெருக்கடைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. பினாங்குத் தீவில் "நாசி கண்டார்" என்று ஒரு சாப்பாடு பிரசித்தம். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. நாம் காவடி என்று சொல்கிறோமே, அதுதான். ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானை. இப்படிச் சுமந்துகொண்டு துறைமுகத்துக் கூலியாட்களுக்குச் சோறு விற்றவர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கியவனின் பசிக்காகப் பிறந்த சாப்பாடு அது. இன்று அவர்கள் வழிவந்தோர் நடத்தும் கடைகளை அங்கே "மாமாக்" கடை என்கிறார்கள். பல கடைகள் இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும்.

அந்தக் கடையில் கிடைக்கும் "ரொட்டி சானாய்" நம் வீச்சு பரோட்டாவின் உடன்பிறப்பு. அதே மைதா, அதே எண்ணெய், அதே வீச்சு. தொட்டுக்கொள்ளச் சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு வைப்பார்கள். "நாசி லெமாக்" என்பது தேங்காய்ப் பாலில் வெந்த சோறு. அதோடு மிளகாய்ச் சம்பல், பொரித்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை. "தே தாரேக்" என்பது சுண்டிய டின் பால் ஊற்றி, நம்மூர் மாஸ்டர் போலவே ஆற்றித் தரும் தேநீர். "நாசி சம்பூர்" என்றால் சோற்றை வாங்கிக்கொண்டு, வரிசையாக வைத்திருக்கும் கறி, மீன், காய் வகைகளில் வேண்டியதை எடுத்துக்கொள்வது. எடுத்ததைக் கடைக்காரர் கண்ணால் பார்த்து விலை சொல்வார்.

மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடும் இந்தப் பழக்கத்தை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றும் அதில் பெயரோடு இடம் பெற்றன. உழைக்கும் ஜனங்களின் காலைச் சாப்பாட்டுக்குக் கிடைத்த மரியாதை அது. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் பட்டியலில் சேர்ந்ததால் தட்டின் விலை குறைந்துவிடாது. ஆகவே நாம் கணக்குக்கு வருவோம்.

ரிங்கிட்டை ரூபாயாக்கினால் கணக்கு வராது

2024, 2025 ஆண்டுகளில் ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 20 ரூபாய். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் விலை மாறும். நடுத்தரமாக எடுத்துக்கொள்வோம். ஒரு ரொட்டி சானாய் ஒன்றரை முதல் இரண்டு ரிங்கிட். இரண்டு ரொட்டியும் ஒரு தேநீரும் சாப்பிட்டால் 6 ரிங்கிட் ஆகும். நம் பணத்தில் 120 ரூபாய்! செல்லூரில் தள்ளுவண்டியில் இட்லி ஒன்று 10 ரூபாய் என்று வைத்தால், நான்கு இட்லி 40 ரூபாய், தேநீர் 12 ரூபாய், ஆக 52 ரூபாய். "ஆஹா, மலேசியாவில் இரண்டு மடங்குக்கு மேல் விலை, நம் நாடு சொர்க்கம்" என்று சொல்லிவிடத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். அங்கே சாப்பிடுகிறவன் ரூபாயில் சம்பளம் வாங்கவில்லை. இங்கே சாப்பிடுகிறவன் ரிங்கிட்டில் கூலி வாங்கவில்லை. அப்படியானால் எந்தப் படியால் அளப்பது? இரண்டு பேருக்கும் பொதுவான படி ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 24 மணி என்பது கோலாலம்பூரிலும் அதுதான், செல்லூரிலும் அதுதான். அந்தத் தட்டை வாங்க ஒருவன் எத்தனை நிமிஷம் உழைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். வீட்டு வேலை செய்வோருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஆகவே அந்த 6 ரிங்கிட் காலைச் சாப்பாட்டுக்கு அவன் 44 நிமிஷம் உழைக்க வேண்டும்.

நம் ஊரில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் செல்லூரில் கட்டிட வேலைக்குப் போகிறவர். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 ரூபாய். 52 ரூபாய் சாப்பாட்டுக்கு அவர் 42 நிமிஷம் உழைக்கிறார். அங்கே 44, இங்கே 42. இரண்டு மடங்கு என்று கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எங்கே போயிற்று? காணோம்!

இன்னொருவர் நம் பக்கத்துக் கிராமத்துப் பெண். நூறு நாள் வேலைக்கு 2025-26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். அளவு குறைந்தது என்று வெட்டிக் கொடுத்ததையும், மாதக்கணக்கில் பாக்கி வைத்ததையும் விட்டுவிடுவோம். முழுக்கூலியும் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அதே நான்கு இட்லிக்கும் தேநீருக்கும் இந்தத் தாய் 74 நிமிஷம் உழைக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டைப் பாருங்கள். அங்கே கோழித் துண்டோடு ஒரு தட்டு நாசி சம்பூர் 9 ரிங்கிட் என்று வைத்தால் 66 நிமிஷ உழைப்பு. இங்கே நடுத்தர மெஸ்ஸில் கறியில்லாத சாப்பாடு 90 ரூபாய் என்றால், கட்டிடத் தொழிலாளிக்கு 72 நிமிஷம். கிராமத்துத் தாய்க்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அங்கே தட்டில் கோழி இருக்கிறது. இங்கே அப்பளம் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, "நம் நாட்டில் சாப்பாடு மலிவு" என்று யாராவது சொன்னால், "யாருக்கு மலிவு?" என்று திருப்பிக் கேளுங்கள். டாலரிலோ ரிங்கிட்டிலோ சம்பாதித்து வந்து இங்கே சாப்பிடுகிறவருக்கு மலிவு. களை எடுக்கிற பெண்ணுக்கு, உலகத்தின் கிராக்கியான சாப்பாடுகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் அவர் கடைக்கே போவதில்லை. தூக்குவாளியில் பழைய சோறும் வெங்காயமும் கொண்டுபோகிறார்.

போகிறவனுக்கு ஒரு கணக்கு

இனி ஏஜெண்டிடம் பணம் கட்டத் துடிக்கும் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். காலை 6 ரிங்கிட், மத்தியானம் 9, இரவு 8. ஆக நாளுக்கு 23 ரிங்கிட். மாதம் 30 நாளுக்கு 690 ரிங்கிட். பல கடைகளில் குடிக்கிற சாதாரணத் தண்ணீருக்கும் சில காசு வாங்குவார்கள். நம்மூர்க் கடையைப் போல டம்ளரை நீட்டினால் ஊற்றமாட்டார்கள். 1,700-இல் 690 போனால் மிச்சம் 1,010 ரிங்கிட். அது 20,200 ரூபாய். அறை வாடகை, போன், துணிமணி, மருந்துச் செலவு இன்னும் கழிக்கவில்லை. வீட்டில் வாங்கிய கடனின் வட்டியும் இன்னும் கழிக்கவில்லை. முப்பதாயிரத்துக்கு மேல் என்று தொடங்கிய கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

ஹோட்டலில் வேலை செய்கிறவனுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பார்கள் என்பது வழக்கம். நல்லது. ஆனால் அதற்காகச் சம்பளத்தில் பிடிப்பு உண்டா, இல்லையா? எத்தனை மணி நேர வேலை? எட்டா, பன்னிரண்டா? 1,700 ரிங்கிட்டுக்குத் தினம் 12 மணி நேரம் நின்றால், நாம் போட்ட நிமிஷக் கணக்கெல்லாம் ஒன்றரை மடங்காகிவிடும். 44 நிமிஷம் 66 நிமிஷம் ஆகிவிடும். இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போக, நம் சர்க்காரின் குடியேற்ற அனுமதி வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜெண்டு பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். லட்சக் கணக்கில் கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று சொல்கிறவர் உங்களைச் சிறைக்கு வழி அனுப்புகிறார்.

தட்டில் என்ன இருக்கிறது?

விலை பேசினோம். தரத்துக்கு வருவோம். தரம் என்றால் ருசி மட்டுமல்ல. உடம்புக்கு என்ன சேர்கிறது, சுத்தம் எப்படி, இவையும் சேர்ந்ததுதான் தரம்.

நாசி லெமாக் பொட்டலத்தில் முட்டை, நெத்திலி, கடலை மூன்றும் இருக்கின்றன. அளவு கொஞ்சம்தான், ஆனாலும் உடம்பு வளர்க்கும் சத்து. நம் இட்லியில் உளுந்து இருக்கிறது. ஆவியில் வேகிறது, எண்ணெய் இல்லை. புளித்த மாவு வயிற்றுக்கு நல்லது. இந்த விஷயத்தில் நம் இட்லியை எந்த நாட்டுத் தெருக்கடைச் சாப்பாட்டோடும் தைரியமாக நிறுத்தலாம். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். உளுந்து விலை ஏறும்போது இட்லி விலை உடனே ஏறுவதில்லை. ஏற்றினால் ஜனங்கள் வாங்கமாட்டார்கள். மாவில் உளுந்து குறைகிறது, சாம்பாரில் பருப்பு குறைகிறது, சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை கூடுகிறது. பத்து ரூபாய் இட்லி பத்து ரூபாயாகவே இருக்கிறது. ஆனால் அது போன வருஷத்து இட்லி அல்ல. விலைவாசி உயர்வு இப்படியும் தட்டுக்குள் நுழைகிறது.

ரொட்டி சானாயும் நம் பரோட்டாவும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவை. மைதாவும் எண்ணெயும் வயிற்றை நிரப்பும், நெடுநேரம் பசிக்காது. இரவு ஷிப்ட் முடித்து வருகிற தறித் தொழிலாளி பரோட்டாவைத் தேடுவதற்கு அதுதான் காரணம். குறைந்த காசுக்கு அதிக நேரம் பசி தாங்குகிறது. அதோடு சர்க்கரையும் டின் பாலும் ஊற்றிய தேநீர் சேருகிறது. 2023 ஆம் ஆண்டு மலேசியச் சர்க்கார் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி என்றும், பாதிப் பேருக்கு மேல் உடல் எடை கூடியவர்கள் என்றும் தெரிந்தது. நாம் சிரிக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, அதே 2023-இல் வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய். "வாயைக் கட்டு" என்று டாக்டர் சொல்கிறார். கீரையும் முட்டையும் மைதாவைவிட மலிவாகக் கிடைக்கும் நாளில் தொழிலாளி தானே கட்டிக்கொள்வான்.

சுத்தத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. அங்கே உணவைக் கையாளுகிறவர் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கடைகளை நகராட்சி சோதித்துத் தர எழுத்துப் போட்ட அட்டை கொடுக்கிறது. கடைக்காரர் அதைச் சுவரில் மாட்டி வைக்கிறார். அதனால் எல்லாக் கடையும் பளிங்காகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட வருகிறவன் பார்க்க ஒரு அட்டை இருக்கிறது.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. சிறு கடைக்காரர் வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சரி, பதிவு செய்தாயிற்று. குழாய் எங்கே? சாக்கடை மூடி எங்கே? குப்பை அள்ளுகிறவர் எத்தனை மணிக்கு வருவார்? தட்டைக் கழுவத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வருகிற அம்மாவிடம் போய், "ஏன் ஒரே வாளியில் கழுவுகிறாய்?" என்று அதிகாரி கேட்டால் என்ன நியாயம்? முதலில் தண்ணீர் கொடுக்கட்டும். பிறகு கேள்வி கேட்கட்டும்.

மலிவுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அங்கேயும் இங்கேயும் சாப்பிடுகிறவன் கொடுக்கிற காசு, அந்தத் தட்டின் முழு விலை அல்ல. மீதியை யாரோ கட்டுகிறார்கள். யார்?

மலேசியாவில் ஒரு பங்கைச் சர்க்கார் கட்டுகிறது. ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டை இரண்டரை ரிங்கிட்டுக்கு ஜனங்களுக்குக் கொடுக்கிறார்கள். உள்நாட்டு வெள்ளை அரிசிக்குக் கிலோ 2 ரிங்கிட் 60 காசு என்று விலைக் கட்டுப்பாடு. ஆனால் இந்த மானியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. கோழிக்கு இருந்த மானியமும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பரில் போயின. முட்டை மானியம் 2025 ஆகஸ்டில் நின்றது. தட்டில் கோழியும் முட்டையும் சிறுத்தால் அதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு பங்கைக் கட்டுகிறவர்கள் தொழிலாளிகள். அந்த ரொட்டியை வீசுகிற கை பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரன் கை, வங்காளதேசத்துக்காரன் கை, இந்தோனேசியாக்காரன் கை. ஊரை விட்டு, பிள்ளைகுட்டியை விட்டு, நீண்ட நேரம் நிற்கிறான். அவனுடைய நின்ற காலின் வலி அந்த ஒன்றரை ரிங்கிட்டில் சேரவில்லை. பினாங்கில் 2016 முதல் நாசி லெமாக் உள்படச் சில உள்ளூர்ப் பண்டங்களைத் தெருக்கடையில் அந்நியர் சமைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பாரம்பரிய ருசி கெட்டுவிடும் என்பது காரணம். நாசி கண்டாரை அந்தத் தீவுக்குக் கொடுத்தவனே தோளில் பானை சுமந்து கப்பலில் வந்தவன்தான்!

2023 ஜனவரியில் அங்கே "மெனு ரஹ்மா" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏழைகளுக்கு 5 ரிங்கிட்டுக்கு ஒரு தட்டுச் சாப்பாடு. மாமாக் கடைக்காரர்களின் சங்கமும் சேர்ந்தது. 5 ரிங்கிட் என்பது 37 நிமிஷ உழைப்பு. நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் சர்க்கார் பணம் கொடுக்கவில்லை. கடைக்காரரின் மனசை நம்பித் தொடங்கினார்கள். பெரிய கடை தாங்கும். ஒற்றை அடுப்புக்காரர் எத்தனை நாள் தாங்குவார்?

நம் ஊருக்கு வாருங்கள். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் அதே ஆண்டில் மதுரை உள்ளிட்ட மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நாளுக்கு 336 ரூபாய் என்ற கூலியில் பார்த்தால், நூறு நாள் வேலைக் கூலிக்காரருக்கு அந்த விலையில் நான்கு இட்லி ஆறு நிமிஷ உழைப்புத்தான். இந்தக் கணக்கில் மலேசியாவின் எந்தக் கடையும் கிட்டே நிற்க முடியாது. அதன் நஷ்டத்தை மாநகராட்சி கட்டியது. அதே சமயம், சென்னையில் அங்கே சமைத்த சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பல ஆண்டுகள் நாளுக்கு 300 ரூபாய்தான் கூலி. ஒரு பங்கை அவர்களும் கட்டினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கேரளத்தில் 2020-இல் குடும்பஸ்ரீ பெண்கள் ஜனகீய ஹோட்டல்களைத் திறந்தார்கள். 20 ரூபாய்க்கு மத்தியானச் சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் சர்க்கார் மானியம். 2023-இல் மானியம் நின்றது; சாப்பாடு 30 ரூபாய் ஆயிற்று. யார் ஆண்டாலும் கணக்கு ஒன்றுதான். மானியம் நின்றால், அந்தப் பணத்தைச் சாப்பிடுகிறவனோ சமைக்கிறவளோ கட்ட வேண்டி வருகிறது.

நம் மதுரையில் அண்ணா பஸ் நிலையத்துப் பக்கம் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட ராமு தாத்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். 2020-இல் காலமானார். கோவைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை நாடே அறியும். இவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவோம். ஆனால் ஊருக்கு ஒரு தாத்தா, ஒரு பாட்டி கிடைப்பார் என்று நம்பி லட்சக்கணக்கான உழைப்பாளிகளின் பசியை விட்டுவைக்க முடியுமா? முடியாது.

இட்லிக்குள் இருக்கும் வட்டி

செல்லூரில் தெருவோரம் இட்லிக் கடை போடுகிற தாயின் கணக்கைப் பார்ப்போம். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 கொடுக்கிற கடனை நீங்கள் அறிவீர்கள். அரிசி, உளுந்து, கேஸ் வாங்க அந்தப் பணம். நாளுக்கு 200 இட்லி விற்றால், ஒவ்வொரு இட்லியிலும் 50 காசு வட்டிக்காரருக்குப் போகிறது. இடத்துக்கு மாமூல் கேட்கிறவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டி இட்லியில் இருக்கிறது.

அப்புறம் அந்தத் தாயின் உழைப்பு. விடியுமுன்னே எழுந்து அடுப்பு மூட்டுகிறார். முதல் நாள் மாலையே மாவு அரைக்கிறார். மகள் தேங்காய் துருவுகிறாள், கணவர் தண்ணீர் சுமக்கிறார். இவர்களுக்கு யார் கூலி கொடுத்தார்? ஒருவரும் இல்லை. மூன்று பேர் கூலியைச் சேர்த்து விலை வைத்தால் அந்த இட்லியை நாம் வாங்க முடியாது. ஆகவே நம் குறைந்த கூலியை, தன் கூலியே இல்லாத உழைப்பால் தாங்கிக்கொண்டிருப்பவர் அந்தத் தாய். "இட்லிக்கு இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டாள்" என்று அவர்மேல் கோபப்படுகிற தோழர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் உங்கள் எதிரி அல்ல; உங்களைப் போன்ற உழைப்பாளி.

என்ன கேட்க வேண்டும்?

மலேசியாவுக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூரில், 1971-க்கும் 1986-க்கும் இடையே தெருவோரக் கடைக்காரர்களைக் கூரையும் குழாயும் சாக்கடையும் உள்ள கட்டிடங்களுக்குச் சர்க்கார் கொண்டுபோனது. மலேசிய ஊர்களிலும் இப்படிப் பொதுச் சாப்பாட்டு வளாகங்கள் உண்டு. கடைக்காரரை விரட்டுவதற்கும், இடம் கட்டிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நம் நாட்டில் தெரு வியாபாரிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் வந்தது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. செல்லூர் இட்லிக் கடைத் தாய்க்கு அந்தக் குழுவில் யார் பிரதிநிதி என்று கேட்டுப் பாருங்கள்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். செல்லூருக்குப் பக்கத்திலே சிம்மக்கல்லில், ஆதிமூலம் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு போட முடிந்தது. சர்க்கார் மனது வைத்தால் அடுப்பு எரியும் என்பதற்கு அதுவே சாட்சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது, தறிக்குப் போகிற தகப்பனுக்கும் களத்துக்குப் போகிற தாய்க்கும் நியாயமான விலையில் ஏன் கிடைக்கக் கூடாது?

ஆகவே மூன்று கோரிக்கைகளை நாம் ஊர் ஊராகப் பேச வேண்டும். தொழிலாளர் கூடும் இடங்களில் மாநகராட்சி உணவகங்கள் குறையாமல் நடக்க வேண்டும்; அங்கே சமைக்கும் பெண்களுக்குச் சட்டப்படியான கூலி வேண்டும். தெருக்கடைக்காரர்களுக்குக் குழாயும் கூரையும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். கந்துவட்டிக்காரரிடமிருந்து விடுதலை வேண்டும். இவை இரண்டுக்கும் மேலாக, ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு முழுச் சாப்பாடாவது கிடைக்கும்படி கூலி உயர வேண்டும், கிராமத்திலும் நகரத்திலும்.

வேலையும் ஒன்று தருகிறேன். நாளைக் காலை தேநீர் குடிக்கும்போது, அன்றைய உங்கள் கூலியை மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். அந்தத் தேநீர் எத்தனை நிமிஷம், தட்டு எத்தனை நிமிஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். மலேசியாவில் இருக்கும் அண்ணனோ மாமனோ போன் செய்தால், அவரிடமும் இதே கணக்கைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காகிதங்களைக் கொண்டுவாருங்கள். ஏஜெண்டு சொல்லும் கணக்கைவிட, நாம் சேர்ந்து போட்ட கணக்கு நம்மைக் காப்பாற்றும். கூலி உயர்வு கேட்டு முதலாளி முன்னும் அதிகாரி முன்னும் போய் நிற்கும்போது, அதே கணக்குதான் நம் கையில் இருக்க வேண்டும்.